சிறுநீர்ப்பை மாத்திரை தொடங்கியதும் அம்மாவுக்குக் குழப்பம்: ஆன்டிகோலினெர்ஜிக் மருந்து என்றால் என்ன?

தூரத்துமகள் எழுதியது:

அம்மாவுக்கு வயது 76. கால் எரிச்சலுக்காக மூன்று வருடமாக இரவில் அமிட்ரிப்டிலின் 25 மி.கி. சாப்பிடுகிறார். மூக்கு ஒழுகினால் தானாகவே ஒரு குளோர்பெனிரமின் போட்டுக்கொள்வார், அதுவும் பல வருடப் பழக்கம். சிறுநீரை அடக்க முடியவில்லை என்று மூன்று வாரத்துக்கு முன் காட்டினோம். ஆக்ஸிபியூடினின் 5 மி.கி. காலை ஒன்று, மாலை ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே என்னென்ன சாப்பிடுகிறார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடக்க முடியாத தொல்லை நின்றுவிட்டது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் பத்தாவது நாளிலிருந்து வாய் வறண்டு பல்செட் நிற்கவே மாட்டேன் என்கிறது. மலம் போய் நான்கு நாள். நேற்று சாயங்காலம் போர்வையில் இல்லாத நூலைப் பிய்த்துப் பிய்த்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார். என்னைச் சித்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இன்று காலையில் ஓரளவு தெளிவு.

இது மறதி நோயின் ஆரம்பமா? தெரிந்த செவிலியர் ஒருவர் பட்டியலைக் கேட்டுவிட்டு, "மூணுமே ஆன்டிகோலினெர்ஜிக் ஆச்சே" என்றார். சிறுநீர்ப்பைக்குக் கொடுத்த மாத்திரை மூளைக்கு எப்படிப் போகும்?

மருந்துமேசை எழுதியது:

சகோதரி, விளக்கம் பிறகு. இன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். மூன்று மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள் மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு படித்துக் காட்டுங்கள். அம்மா கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், அடிவயிறு புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பல மணி நேரமாகப் போகவில்லை என்றாலும், உடம்பு அனலாய்க் கொதித்தாலும், கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அமிட்ரிப்டிலினை நீங்களாக ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். குளோர்பெனிரமின் அட்டையை மட்டும் அவர் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துவிடுங்கள்.

மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊர்ந்து வரும். பத்து நாளில் வந்து, சாயங்காலம் மோசமாகி, காலையில் தெளிவது டெலிரியம். பழைய ஆட்கள் ஜன்னி என்பார்கள். இல்லாத நூலைப் பிய்ப்பது, சின்னச் சின்னப் பூச்சிகளைப் பார்ப்பது இரண்டும் இந்த மருந்துகளால் வரும் டெலிரியத்தில் அடிக்கடி காண்பவை. ஆனாலும் சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு என்று வேறு காரணங்களும் அதே படத்தைத்தான் காட்டும். பரிசோதனை செய்யாமல் மருந்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிடக் கூடாது.

இனி உங்கள் கேள்வி. நரம்பு நுனிகள் பலவும் அசிட்டைல்கோலின் என்ற ஒரே பொருளை வைத்துத்தான் பேசுகின்றன. உமிழ்நீரைச் சுரக்கச் சொல்வது அது. குடலை அசைப்பது, சிறுநீர்ப்பையைச் சுருக்குவது, கண்பாவையைச் சிறிதாக்குவது, இதயத் துடிப்பை அடக்கி வைப்பது எல்லாம் அது. மூளையில் கவனத்துக்கும் நினைவுக்கும் அதுதான் வேண்டும். இந்த வேலைகளுக்காக அது போய் உட்காரும் இருக்கைகளுக்கு மஸ்கரினிக் ஏற்பிகள் என்று பெயர். M1 முதல் M5 வரை ஐந்து வகை. இதயத்தில் M2 அதிகம். சுரப்பி, சிறுநீர்ப்பை, கண் இவற்றில் M3. மூளையில் M1 நிறைய.

ஆன்டிகோலினெர்ஜிக் மருந்து செய்வது, அந்த இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பது. அது தானாக எந்த வேலையும் செய்யாது. அசிட்டைல்கோலின் வந்து நிற்கும், உட்கார இடம் இருக்காது, செய்தி போய்ச் சேராது. ஆக்ஸிபியூடினின் சிறுநீர்ப்பையில் துண்டு போடுவதால்தான் அம்மாவின் அவசரம் நின்றது. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் போட்டது, வாய் வறண்டது. குடலில் போட்டது, மலம் நின்றது. கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறு என்பதால் மூளைத் தடுப்பைத் தாண்டி அங்கேயும் போட்டது. அமிட்ரிப்டிலினும் குளோர்பெனிரமினும் வேறு காரணத்துக்காகத் தரப்படுபவை, ஆனால் அவையும் இதே இருக்கைகளைப் பிடிப்பவை. மூன்றும் சேர்ந்தால் எத்தனை இருக்கை மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். வயதாக ஆக மூளையில் அசிட்டைல்கோலின் கையிருப்பே குறைவு. மருந்தை வெளியேற்றும் சிறுநீரகமும் ஈரலும் மெதுவாகிவிடும்.

செவிலிமாணவி எழுதியது:

துண்டு போடுவது என்று சொன்னது நல்லாப் புரிஞ்சுது சார். ஒரு சந்தேகம். வியர்வை பரிவு நரம்பு மண்டலத்தின் (அவசரத்துக்கு உடம்பைத் தயார் பண்ற நரம்புகள்) வேலைன்னு படிச்சோம். அப்புறம் ஏன் அட்ரோபின்னு இன்னொரு ஆன்டிகோலினெர்ஜிக் போட்டா வியர்வை நிக்குது? ஒரு குழந்தைக்கு அட்ரோபின் போட்ட பிறகு உடம்பு சூடாகி, முகம் சிவந்து போனதைப் பார்த்து நான் தொற்றுக் காய்ச்சல்னு நினைச்சுட்டேன்.

அறுவையரங்கம் எழுதியது:

நல்ல கேள்வி தங்கை. வியர்வைச் சுரப்பிக்குப் போவது பரிவு நரம்புதான். ஆனால் மற்ற பரிவு நரம்புகளைப் போல நார்அட்ரினலினை விடாமல், அங்கே மட்டும் அசிட்டைல்கோலினை விடுகிறது. அதனால் அட்ரோபின் அதையும் அடைத்துவிடும். வியர்க்காத உடம்பு வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் சூடேறும். குழந்தைகளில் இது சீக்கிரம் வரும், நீங்கள் பார்த்தது அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். இதையே நன்மைக்கும் திருப்பியிருக்கிறார்கள்: அக்குளில் அளவுக்கு மீறி வியர்ப்பவர்களுக்குத் துடைத்துக்கொள்ள கிளைகோபைரோனியம் தோய்த்த துணி இருக்கிறது.

அசிட்டைல்கோலின் கதையே ஒரு இதயத்தில்தான் தொடங்கியது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1921இல் ஆட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றின் வேகஸ் நரம்பை, அதாவது இதயத்தை மெதுவாக்கும் நரம்பைத் தூண்டினார், அது மெதுவாகத் துடித்தது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து, நரம்பே தூண்டப்படாத இரண்டாவது இதயத்தின் மேல் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு மின்சாரத்தால் மட்டும் பேசுவதில்லை, ஒரு ரசாயனத்தையும் விடுகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. இந்தச் சோதனை கனவில் தோன்றியது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அசிட்டைல்கோலினின் செயல்களை மஸ்கரின் போன்றவை, நிகோட்டின் போன்றவை என்று ஹென்றி டேல் 1914இலேயே பிரித்திருந்தார். இருவருக்கும் சேர்த்து 1936இல் நோபல் கிடைத்தது.

அறுவை அரங்கில் இந்த மருந்துகளை நாங்கள் அன்றாடம் தொடுகிறோம். வயிற்றுக்குள் குடலை இழுக்கும்போது வேகஸ் தூண்டப்பட்டு நாடித்துடிப்பு திடீரென்று 40க்கு இறங்கும். அட்ரோபின் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் ஏறும். ஒரு நுணுக்கம்: இது பிரேக்கிலிருந்து காலை எடுப்பது மட்டும்தான், வேகத்தைக் கூட்டுவது இல்லை. அதனால்தான் மாற்று இதயம் பொருத்தியவருக்கு அட்ரோபின் வேலை செய்யாது. அந்த இதயத்துக்கு வேகஸ் நரம்பே இணைந்திருக்காது.

செவிலிமாணவி எழுதியது:

அப்போ தசையைத் தளர்த்தற ரோகுரோனியமும் அசிட்டைல்கோலினைத்தானே தடுக்குது? அதையும் ஆன்டிகோலினெர்ஜிக்னு சொல்லலாமா?

அறுவையரங்கம் எழுதியது:

பொருள்படி பார்த்தால் ஆம். ஆனால் பேச்சு வழக்கில் ஆன்டிகோலினெர்ஜிக் என்றால் மஸ்கரினிக் ஏற்பியை அடைப்பவை மட்டும்தான். ரோகுரோனியம் அடைப்பது எலும்புத் தசையில் இருக்கும் நிகோட்டினிக் ஏற்பியை. அம்பு நுனியில் தடவிய குராரேயின் வழியில் வந்த மருந்து அது.

இரண்டும் எப்படி ஒன்றையொன்று தொடுகின்றன என்று அறுவை முடிவில் பார்க்கலாம். தசைத் தளர்வை நீக்க நியோஸ்டிக்மின் போடுவோம். அது அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும், அசிட்டைல்கோலின் குவிந்து ரோகுரோனியத்தை இருக்கையிலிருந்து தள்ளிவிடும். ஆனால் குவிந்தது தசைக்கு மட்டும் போகாதே, இதயத்துக்கும் போய்த் துடிப்பை இறக்கிவிடும். ஆகவே கூடவே கிளைகோபைரோலேட், மேலே சொன்ன கிளைகோபைரோனியம்தான். அட்ரோபினை விட்டு ஏன் அது? அதன் மூலக்கூறு நிரந்தர மின்னேற்றம் உள்ளது, மூளைத் தடுப்பைத் தாண்டாது. வயதானவர் அறுவைக்குப் பின் குழம்பாமல் விழிக்க அது உதவும். இப்போது ரோகுரோனியத்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் சுகமாடெக்ஸ் வந்துவிட்டதால் பல இடங்களில் இந்த ஜோடி தேவைப்படுவதே இல்லை.

இதே மின்னேற்றக் காரணத்தால்தான் வயிற்றுப் பிடிப்புக்குத் தரும் ஹயோசின் பியூட்டைல்புரோமைடு மூளையை அதிகம் தொடுவதில்லை. வெறும் ஹயோசின், அதாவது ஸ்கோபாலமின், நன்றாகத் தொடும். பயணக் குமட்டலுக்குக் காதின் பின்னால் ஒட்டும் பட்டையில் இருப்பது அது. பயணத்துக்குச் சுமார் 4 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும், 72 மணி நேரம் தாங்கும்.

இரவுப்பணி எழுதியது:

அவசரப் பிரிவில் இருக்கிறேன். அட்ரோபின் பற்றிப் பேசும்போது பூச்சிமருந்து நச்சைச் சொல்லாமல் விட முடியாது, உயிர் காக்கும் பயன்களில் முதன்மையானது அதுதான்.

ஆர்கனோபாஸ்பேட் நியோஸ்டிக்மின் தடுக்கும் அதே நொதியைத்தான் முடக்குகிறது, ஆனால் அளவே இல்லாமல். அசிட்டைல்கோலின் உடம்பெங்கும் வெள்ளமாகிறது. கண்பாவை ஊசிமுனை. வாயிலும் மூக்கிலும் நீர். வாந்தி, பேதி, நாடி இறக்கம். எல்லாவற்றையும் விட மோசமானது, நுரையீரல் சளியாலும் நீராலும் நிரம்பி ஆள் தன் சுரப்பிலேயே மூழ்குவது. அட்ரோபின் இருக்கைகளைப் பிடித்து அந்த வெள்ளத்தைத் தடுக்கிறது. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் வீசப்பட்டபோதும் மருத்துவர்கள் கையிலெடுத்தது இதைத்தான். சாரினும் இதே குடும்பம்.

அளவு பற்றிப் புதிதாக வருபவர்கள் பயப்படுகிறார்கள். இதயத் துடிப்பு குறைவுக்கு 1 மி.கி., மொத்தம் 3 மி.கி. என்று படித்துவிட்டு, இங்கேயும் 3இல் நிறுத்திவிடுகிறார்கள். இங்கே தொடக்கமே 2, 3 மி.கி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மார்பைக் கேட்டு, சளிச் சத்தம் போகவில்லை என்றால் முந்தைய அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும். பிறகு, சேர்ந்த மொத்தத்தில் மணிக்கு 10 முதல் 20 விழுக்காடு சொட்டாக ஓடும்.

இலைமறை எழுதியது:

கண்பாவை விரியும் வரை கொடு என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இரவுப்பணி எழுதியது:

அந்தப் பாடத்தை நானும் கேட்டிருக்கிறேன், அது நோயாளியைக் கெடுக்கிறது. பாவை மெதுவாகத்தான் மாறும். நஞ்சு நேரே கண்ணில் தெறித்திருந்தால் எவ்வளவு அட்ரோபின் போட்டாலும் ஊசிமுனையாகவே நிற்கும். நீங்கள் பார்க்க வேண்டியது மார்பு தெளிந்ததா, நாடி 80க்கு மேலா, மேல் ரத்த அழுத்தம் 80க்கு மேலா, அக்குள் காய்ந்ததா என்று. நாடி வேகமாக இருக்கிறது என்பதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது, ஆக்சிஜன் குறைந்தாலும் நாடி ஓடும். எல்லை தாண்டியது எப்படித் தெரியும் என்றால், காய்ச்சல் வரும், குடல் சத்தம் அடங்கிவிடும், ஆள் கட்டிலில் பிதற்றத் தொடங்குவார். அப்போது சொட்டைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டுக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கவே கூடாது. அட்ரோபின் மஸ்கரினிக் பக்கத்தை மட்டும்தான் காக்கும். மூச்சுத் தசைகள் நிகோட்டினிக் பக்கம். எல்லாம் காய்ந்து, "தேறிட்டார்" என்று சொல்லி நகர்ந்த பின் இரண்டாம் மூன்றாம் நாளில் கழுத்தைத் தூக்க முடியாமல் மூச்சு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள், மணிக்கு ஒருமுறை. தூக்க முடியவில்லை என்றால் செயற்கைச் சுவாசக் கருவியைத் தயார் செய்யுங்கள். பிராலிடாக்ஸிம் அந்த நொதியை மீட்கத் தரப்படுகிறது, ஆனால் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.

ஒருகண் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. அப்பாவுக்கு நுரையீரல் அடைப்பு நோய். நேற்று இப்ரட்ரோபியம் நெபுலைசர் வைத்த பிறகு இடது கண்பாவை மட்டும் பெரிதாக இருக்கிறது. பக்கவாதமோ என்று நடுங்கிப் போனோம். தலையை ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள்.

மருந்துமேசை எழுதியது:

இப்ரட்ரோபியமும் ஆன்டிகோலினெர்ஜிக்தான். முகமூடி இடது பக்கம் சரியாகப் பொருந்தாமல் புகை கண்ணில் பட்டிருக்கும். இது தெரிந்த விஷயம்தான், ஆனால் ஸ்கேன் எடுத்தது தவறில்லை. ஓரிரு நாளில் சரியாகிவிட வேண்டும். அடுத்த முறை வாயில் கவ்வும் குழாயைக் கேளுங்கள். குறுகிய கோணக் கண் அழுத்த நோய் உள்ளவர் என்றால் இது வெறும் பயமுறுத்தலோடு நிற்காது, கண் சிவந்து கடுமையாக வலிக்கலாம். அப்போது தாமதம் கூடாது. குமட்டல் பட்டையைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்கினாலும் இதே கதைதான், கை கழுவ வேண்டும்.

நெபுலைசர் மருந்தின் முன்னோர் ஊமத்தை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊமத்தை இலைப் புகையை மூச்சிரைப்புக்கு இழுக்கும் முறை இந்தியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனுக்குப் போய், ஆஸ்துமா சுருட்டாகவே விற்றது. அதில் இருப்பது அட்ரோபினும் ஸ்கோபாலமினும். அளவு தெரியாது, மூளைக்கும் போகும், ஆளைக் கொல்லவும் கொல்லும். யாரும் அதை வைத்து வைத்தியம் பார்க்க வேண்டாம். இப்ரட்ரோபியத்தில் மின்னேற்றம் சேர்த்து அந்த மருந்தை மூச்சுக் குழாயிலேயே நிற்கச் செய்தார்கள். அதே வகையான டையோட்ரோபியம் M3 ஏற்பியை விட்டு மிக மெதுவாகத்தான் எழுந்து போகும், அதனால் நாளுக்கு ஒருமுறை இழுத்தால் போதும்.

கண்ணாடிக்காரர் எழுதியது:

கண் பிரிவிலிருந்து சிறு சேர்க்கை. அட்ரோபின் கிடைக்கும் செடியின் பெயரான பெல்லடோனா என்றால் இத்தாலிய மொழியில் அழகிய பெண். கண்பாவையை விரித்து அழகாகக் காட்ட அந்தச் செடியின் சாற்றை விட்டுக்கொண்டார்களாம். இன்று நாங்கள் விடுவது விழித்திரையைப் பார்க்க. டிராபிகமைடு சில மணி நேரத்தில் இறங்கும். அட்ரோபின் சொட்டு ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். குழந்தைகளின் கிட்டப்பார்வை கூடாமல் இருக்க மிகக் குறைந்த வீரிய அட்ரோபின் தருகிறார்கள். ஹாங்காங் ஆய்வில் 0.05 விழுக்காடு நன்றாக வேலை செய்தது. 0.01 விழுக்காடு பற்றி முடிவுகள் முரண்படுகின்றன.

இலைமறை எழுதியது:

இவ்வளவு பெருமை பேசுகிறோமே, 2015இல் வந்த அமெரிக்க ஆய்வை யாரும் சொல்லவில்லை. 65 வயதுக்கு மேற்பட்ட 3,434 பேரைச் சராசரியாக 7 வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். 797 பேருக்கு மறதி நோய் வந்தது. ஆன்டிகோலினெர்ஜிக் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு அபாயம் சுமார் 54 விழுக்காடு கூடுதல். மூன்று வருடத்துக்கு மேல் தினமும் ஆக்ஸிபியூடினின் 5 மி.கி. சாப்பிட்டாலே அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடலாம். முதியவர்களுக்கு இவற்றை எழுதவே கூடாது என்பது என் கருத்து.

தம்பிக்காக எழுதியது:

நான் மருத்துவத் துறை இல்லை. என் தம்பிக்கு மனநோய். முதல் முறை ஹாலோபெரிடால் ஊசி போட்ட அடுத்த நாள் அவன் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது, கண் இரண்டும் மேலே சொருகிவிட்டது, நாக்கு வெளியே தள்ளியது. பேச முடியாமல் கண்ணில் நீர் வழிய என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். புரோமெதசின் ஊசி போட்டார்கள். கால் மணி நேரத்தில் கழுத்து நேரானது. அதன் பிறகு சில காலம் டிரைஹெக்ஸிபெனிடில் மாத்திரை சாப்பிட்டான். இரண்டுமே ஆன்டிகோலினெர்ஜிக்தான். இந்த மருந்துகளை எழுதவே கூடாது என்று படிக்கும்போது எனக்குத் தாங்கவில்லை.

மருந்துமேசை எழுதியது:

தம்பிக்கு நடந்தது, மூளையின் இன்னொரு செய்திப் பொருளான டோபமினுக்கும் அசிட்டைல்கோலினுக்கும் உள்ள சமநிலை சட்டென்று சாய்ந்தது. ஹாலோபெரிடால் டோபமினை அடைத்ததும் அசிட்டைல்கோலின் கை ஓங்கியது, அதை அடைத்ததும் நேரானது. பார்க்கின்சன் நோயின் நடுக்கத்துக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே பெல்லடோனா வகை மருந்துகளைச் சார்கோ கொடுத்ததும் இதே பலனைக் கண்டுதான். டோபமினைக் கூட்டும் லெவோடோபா வந்த பிறகு அந்தப் பயன் குறைந்துவிட்டது. இப்போது பெரும்பாலும் இளைய நோயாளிகளின் நடுக்கத்துக்கு மட்டும் தருகிறார்கள்.

இலைமறை, ஆய்வு உண்மை. ஆனால் அது தொடர்பைக் காட்டியது, காரணத்தை நிறுவவில்லை. மறதி நோய் வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே தூக்கமின்மை, மனச்சோர்வு, சிறுநீர்த் தொல்லை வரும், அதற்காகவே இந்த மாத்திரைகளும் தரப்படும். இதைக் கழித்துப் பார்க்க ஆய்வாளர்கள் முயன்றார்கள், முழுதாக முடியாது. என் நிலைப்பாடு இது: 70 வயதைத் தாண்டியவரிடம் தொடங்கும் முன் வேறு வழி உண்டா என்று பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பைக்கு மிராபெக்ரான் இருக்கிறது, அது பீட்டா-3 ஏற்பி வழியாக வேலை செய்கிறது, மஸ்கரினிக் பக்கம் போவதில்லை. ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

என்னை மிகவும் வருத்துவது ஒரே சீட்டில் டோனெபெசிலும் ஆக்ஸிபியூடினினும் சேர்ந்து வருவது. மறதிக்காக அசிட்டைல்கோலினைக் கூட்ட டோனெபெசில். அதனால் சிறுநீர்ப்பை துடிக்கிறது, அதை அடக்க ஆக்ஸிபியூடினின், அது மூளைக்குப் போய் டோனெபெசிலின் வேலையை அழிக்கிறது. மறதி கூடியதும் டோனெபெசில் அளவைக் கூட்டுகிறார்கள். இப்படி ஒரு சீட்டை நான் மாதந்தோறும் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிடுகிறேன்.

அறிவோடு சேர்த்தால் என்ன செய்யலாம் என்பதற்கும் ஒரு எடுத்துக்காட்டு உண்டு. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் சானோமெலின், டிராஸ்பியம் சேர்ந்த மருந்துக்கு மனச்சிதைவு நோய்க்கு அனுமதி கிடைத்தது. சானோமெலின் மூளையின் மஸ்கரினிக் ஏற்பிகளைத் தூண்டும், ஆனால் வயிற்றையும் தூண்டி வாந்தி வரவைக்கும். டிராஸ்பியம் மூளைக்குள் அதிகம் நுழையாது, வெளியே மட்டும் துண்டு போடும். ஒன்று உள்ளே வேலை செய்ய, மற்றது வெளியே காவல் நிற்கிறது.

தூரத்துமகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அன்று மாலையே காட்டினோம். மூத்திரக் குழாய் போட்டதும் 900 மி.லி. வந்தது. சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்துகொண்டிருந்திருக்கிறது. தொற்று இல்லை, சோடியம் சரி. ஆக்ஸிபியூடினினையும் குளோர்பெனிரமினையும் நிறுத்தினார்கள். அமிட்ரிப்டிலின் 10 மி.கி.க்கு இறங்கியிருக்கிறது, இரண்டு வாரம் கழித்து நிறுத்துவார்கள்.

நான்காவது நாள் எறும்பு போய்விட்டது. இன்று ஆறாவது நாள். காலையில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, போர்வை ஏன் இப்படி நூல் நூலாகப் பிரிந்து கிடக்கிறது என்று கேட்டார். உண்மையிலேயே ஒரு ஓரம் பிரிந்துதான் இருந்தது, அதைப் பார்க்கவே எனக்குப் பயமாகிவிட்டது. கத்தரியால் வெட்டி எடுத்தேன்.

கால் எரிச்சல் திரும்ப வந்தால் அமிட்ரிப்டிலினுக்குப் பதில் என்ன கேட்கலாம்?

மருந்துமேசை எழுதியது:

காபாபென்டின் அல்லது டுலோக்செட்டின் பற்றிக் கேளுங்கள், இரண்டும் மஸ்கரினிக் இருக்கைகளைப் பிடிப்பவை அல்ல. காபாபென்டின் அளவைச் சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், தூக்கமும் தள்ளாட்டமும் வரும். ஆகவே கிரியாட்டினின் பரிசோதனைத் தாளைக் கையோடு எடுத்துப் போங்கள். மூத்திரக் குழாயை எப்போது எடுக்கிறார்கள்? எடுத்த பிறகு அவராகவே முழுதாகக் கழிக்கிறாரா என்று மீதி அளவை ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள்.